உப்புப் பூக்காத ஈரம்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்க்கும் நீளச் சட்டத்தின் பெயர் அது. சட்டத்தின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் வேலை நேர், விலகினால் கோணல். அவர் மனிதர்களையும் அப்படித்தான் வைத்துப் பார்க்கிறார் என்பது பேச்சு. மகளைத் தொட்டிலில் போட்ட அன்று, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தொட்டில் கயிறு இரண்டும் ஒரே நீளமா என்று பார்த்தவர். அந்த மகளுக்கு வந்த முதல் வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பையனிடம் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வீட்டு வாசற்படி ஒரு விரல் சாய்ந்திருந்தது.

"படி சாஞ்சா என்ன, பையன் நேராத்தானே நிக்கிறான்?" என்றாள் மனைவி.

"வாசப்படியவே பாக்காதவங்க, வர்ற பொண்ணை என்னத்தப் பாப்பாங்க?"

அவருக்கு யாரும் தொழில் சொல்லித்தரவில்லை. பதினாறு வயதில் மணல் சுமக்க வந்தார். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் பாதி எழும்பிய சுவர்களில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். எந்தச் செங்கல் முதலில் காய்கிறது, எந்தப் பூச்சு இரண்டாம் நாள் வெடிக்கிறது, ஜன்னலுக்குக் கீழே ஏன் எப்போதும் சில்லென்று இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கையாலேயே படித்தார். விடுமுறை நாட்களில் தெருத்தெருவாக நடந்து ஊரார் வீட்டு மதில்களைத் தடவிப் பார்த்தார். திருடன் என்று இரண்டு தடவை துரத்தினார்கள். இருபத்து நான்கு வயதில் தனியாக வேலை எடுத்தபோது, ஈரம் ஏறிய சுவர் என்றால் அவர்தான் என்று ஆகிவிட்டது.

அவர் தொழிலில் அவமானம் ஒன்றே ஒன்றுதான். மறுவேலை. செய்த வேலை சரியில்லை என்று திரும்பக் கூப்பிடுவது. முப்பது வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள்தான். தம்பி அவரோடு வேலை செய்த காலத்தில் ஒரு மதில் கட்டினார்கள். தம்பி கட்டிய பக்கம் உச்சியில் ஒரு விரல் வெளியே தள்ளியிருந்தது. வீட்டுக்காரர் கவனிக்கவே இல்லை. ரசமட்டம் சம்மட்டியை எடுத்து, தெருவே பார்க்க, அதை இடித்துத் தள்ளினார். தம்பியின் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்ற நேரம் அது. பதினோரு வருஷமாகத் தம்பி அவர் முகத்தில் விழிப்பதில்லை.

"அவன் எதுக்குக் கோவிச்சுக்கிட்டான்னு எனக்கு இன்னும் புரியல," என்பார் ரசமட்டம். "மதில் இப்ப நேராத்தானே நிக்குது?"

அச்சகக்காரர் கூப்பிட்டுவிட்டபோது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது.

அச்சகக்காரரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். அதன் கோடியில் செங்கல்லால் கட்டிய ஒரு சாமான் கொட்டகை. பத்தடிக்கு எட்டடி, ஒரு கதவு, ஒரு ஜன்னல், தகரக் கூரை. உள்ளே மண்வெட்டி, தண்ணீர்க் குழாய், அச்சகத்தில் மிஞ்சிய காகிதக் கட்டுகள். காகிதம் ஊறிப்போய்த் தலையணை மாதிரி உப்பியிருந்தது. சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் சிமெண்ட் பூச்சு கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. ஈரக்கறையின் மேல்விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இதைக் காய வைக்கணும் மேஸ்திரி," என்றார் அச்சகக்காரர். "ஒரு ஆள் படுக்கற மாதிரி."

"யாரு படுக்க?"

"அக்கா. என் பையனுக்குக் கல்யாணம். முன்னாடி ரூம் அவங்களுக்கு வேணும். இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுக்குள்ள ரூம் கிடைக்கலன்னா வாடகை வீடு பாத்துப் போயிடறேன்னு பையன் சொல்லிட்டான். என் பொண்டாட்டி அதுக்கு விடமாட்டா."

"அப்ப இங்க இப்பவே கட்டிலைப் போட வேண்டியதுதானே?"

அச்சகக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அக்காவுக்கு இளைப்பு. இந்த ஈரத்துல கொண்டுவந்து போட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஊர் என் மூஞ்சியில துப்பும். காஞ்ச ரூம்னா யாரு என்ன சொல்ல முடியும்?"

ரசமட்டம் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு அது ஒரு சுவர். யார் எங்கே படுப்பது என்பது சுவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

வேலை தொடங்கிய அன்று அந்த அக்காவே தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அறுபத்திரண்டு வயது. ஒல்லி. கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. அப்பா தொடங்கிய அச்சகத்தில் முப்பத்து நான்கு வருஷம் பிழை திருத்தியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவைப் பார்த்த ஜன்னலோடு கூடிய முன்னறை அவளுடையது. பிறந்ததிலிருந்து அந்த அறையில்தான் தூங்குகிறாள்.

"இது எனக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னாங்கம்மா."

"காயுமா மேஸ்திரி?"

"கவலையே படாதீங்க. ஒரு சொட்டு இருக்காது," என்றார் அவர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் வெறும் செம்பை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். கலவை பிசைந்துகொண்டிருந்த கொழுந்தியாள் நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய மனைவியின் தங்கை அவள். எட்டு வருஷமாக அவருக்குக் கையாள். அவருக்குக் கையாளாக எட்டு வருஷம் நிலைத்தது அவள் ஒருத்திதான். காரணம், அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மூன்று சொல்லுவாள்.

"மாமா, அந்தம்மா காயும்னு சொல்லக் கேட்டு வரல. காயாதுன்னு சொல்லக் கேட்டு வந்திருக்கு."

"காயாதுன்னு நான் எப்படிச் சொல்றது? காயுமே."

"சுவர் படிச்ச அளவுக்கு ஒரு மூஞ்சியையும் படிச்சிருக்கலாம் நீங்க," என்றாள் அவள்.

சுவரின் நோயை அவர் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டார். கட்டியவன் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தான். தரைக்கு ஒரு சாண் மேலே, ஈரம் ஏறாமல் தடுக்கத் தார் பூசிய ஒரு வரிசை இருந்தது. ஆனால் பின்பக்கம், சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி யாரோ ரோஜாப் பாத்தி போட்டிருந்தார்கள். ஈரம் தாரைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. மண்மேல் ஏறி நின்று, தார் வரிசைக்கு மேலே நேராகச் சுவருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

பாத்தி அக்காவுடையது.

மறுநாள் காலை அவர் அதை வெட்டி எறிந்தார். சுவரோடு ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி ஜல்லி நிரப்பினார். பதினான்கு செடி. அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"வேரெல்லாம் அறுந்துபோச்சே மேஸ்திரி."

"மண்ணு சுவரைத் தொடக்கூடாதும்மா."

வீட்டுக்குள்ளிருந்து அச்சகக்காரரின் மனைவி குரல் கொடுத்தாள். "தொட்டியில வெச்சுக்கலாம் அண்ணி! கொட்டகை வாசல்ல வெச்சா உங்களுக்குப் பேச்சுத் துணைக்காச்சு!"

பிறகு அவர் உள்ளே போனார். கறைக்கு மேலும் இரண்டடி வரைக்கும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லை வெளியே கொண்டுவந்தார். உப்பை வெறும் துடைப்பத்தால் கூட்டினார். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தரையை உடைத்து, கனமான பாலிதீன் விரித்து, புதிதாகத் தளம் போட்டார். கூரைத் தண்ணீரைச் சுவரடியில் விழாமல் தள்ளிக் கொண்டுபோய் விட்டார். பின்பு கதவையும் ஜன்னலையும் கழற்றி வைத்துவிட்டு, கோடைக் காற்றுக்குச் சுவரை இரண்டு மாதம் சும்மா விட்டார். அவசரப்பட்டுப் பூசுகிறவன் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறவன் என்பார்.

மூன்றாம் மாதம் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசினார். சிமெண்ட் ஈரத்தை அடைத்து வைக்கும், சுண்ணாம்பு வெளியே விடும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு செல்லம் உண்டு. முதல் வாரம் சட்டென்று காயக்கூடாது. காய்ந்தால் வெடிக்கும். நாளைக்கு மூன்று தடவை, நனைத்துப் பிழிந்த சாக்கால் சுவரை ஒற்றி எடுக்க வேண்டும். அந்த வாரம் அவருக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. வீட்டில் பகல் முழுக்க இருப்பது அக்காதான். அவளிடமே சொன்னார்.

"தண்ணியை ஊத்தக்கூடாதும்மா. ஒத்தணும். குழந்தைக்குக் காய்ச்சல்னா நெத்தியில துணி போடுவாங்களே, அந்த மாதிரி. தண்ணி வழிஞ்சா நீங்க தப்புப் பண்றீங்கன்னு அர்த்தம்."

வாரம் முடிந்து வந்து பார்த்தபோது பூச்சில் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. மூலை, ஜன்னலோரம், கதவுச்சட்டத்து இடுக்கு, எங்கும் ஒரே நிறம். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம்.

"உங்க கை கொத்தன் கைம்மா," என்றார். "இனிமே விட்டுடலாம். தானா காயட்டும்."

காய்ந்தது. வெள்ளையடித்தார். அச்சகக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது.

ஐந்தாம் நாள் அச்சகக்காரரிடமிருந்து ஆள் வந்தது. கீழ்ச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஈரம்.

மறுவேலை என்ற வார்த்தை அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சிமெண்ட் கடைக்குப் போய்விட்டது. அவர் கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒருவன், "ரசமட்டத்துல குமிழி நகந்துடுச்சாமே!" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். ரசமட்டம் நிற்கவில்லை. காது மட்டும் சிவந்துபோயிருந்தது. கொழுந்தியாள்தான் திரும்பி, "உங்க வீட்டுச் சுவரெல்லாம் சாஞ்சு சாஞ்சு உங்களுக்குப் பழகிப்போச்சு, அதான் நேரானதப் பாத்தா சிரிப்பு வருது," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கொட்டகையில் அவர் ஈரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு தட்டு அகலம். பக்கத்தில் இன்னொன்று. ஏதோ சரியில்லை. மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் தனியாக வராது, மண்ணின் உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு விளிம்பில் நிற்கும். இந்த ஈரத்துக்கு விளிம்பும் இல்லை, உப்பும் இல்லை. நகத்தால் சுரண்டினார். மேலே ஈரம், ஒரு நகக்கனத்துக்குக் கீழே காய்ந்திருந்தது. துளைக்கும் இயந்திரத்தை எடுத்துச் செங்கல்லின் நடு வரைக்கும் துளைத்து, கொட்டிய தூளை உள்ளங்கையில் பிடித்தார். ஊதியதும் பறந்தது.

செங்கல் காய்ந்திருக்கிறது. ஈரம் அறைக்குள்ளிருந்து சுவருக்குப் போயிருக்கிறது.

"ரெண்டு நாள்ல சொல்றேன்," என்று அச்சகக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மத்தியானம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கும் நேரம் பார்த்து, தோட்டத்தின் பின்வாசல் வழியாக வந்தார். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினார். அக்கா தரையில் மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். கையில் சாக்குத் துண்டு. சுவரை ஒற்றிக்கொண்டிருந்தாள். வழியவிடாமல், பொறுமையாக, ஒரே சீராக.

அவரைப் பார்த்ததும் அவள் பதறவில்லை. சாக்கைக் கிண்ணத்தில் போட்டாள்.

"நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க மேஸ்திரி. நான் நிறுத்தல, அவ்வளவுதான்."

"எத்தனை நாளா?"

"அஞ்சு நாளா. யாரும் கண்டுக்கல. மொத வாரம் ஒத்திக்கிட்டிருந்தேன் இல்ல? அதுதான் இதுன்னு நெனச்சுக்கிட்டாங்க."

அவருக்குக் கோபம் வந்தது. அதைவிட வேறொன்றும் வந்தது, பெரிய பாரம் இறங்கிய மாதிரி. தன் சுவரில் குறையில்லை.

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மூச்சு இரைத்தது. "உங்க சுவர் நல்ல சுவர். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இன்னும் இருபத்து நாலு நாள். இன்னும் ஈரம் இருக்குன்னு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா, பையன் வாடகை வீட்டுக்குப் போயிடுவான். அவனுக்கும் அதுதான் ஆசை. அந்தப் பொண்ணுக்கும் மாமியார் இல்லாத வீடுதான் ஆசை. என் ரூம் எனக்கு இருக்கும். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் காஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கோங்க. உலகத்துக்கே சொல்லிக்கோங்க."

"நான் பொய் சொன்னதில்லம்மா."

"நான் மட்டும்? முப்பத்து நாலு வருஷம் மத்தவங்க தப்பைத் திருத்தினவ. ஒரு தப்பை மட்டும் திருத்தாம விட்டுடுங்கன்னு கேக்கறேன்."

அவர் கதவை முன்போலச் சாத்தினார். பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

கொழுந்தியாளிடம் சொன்னபோது அவள் கலவைப் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "மாமா, வாயைத் திறக்காதீங்க. நீங்க பொய்கூடச் சொல்ல வேணாம். சும்மா இருந்தாப் போதும். சும்மா இருக்கறதுக்குக்கூடவா ரசமட்டம் வெச்சுப் பாப்பீங்க?"

அவர் சும்மா இருந்தார். ஒன்பது நாள் இருந்தார். அச்சகக்காரர் ஆள் அனுப்பினால், "பாக்கறேன், பாக்கறேன்" என்றார். சிமெண்ட் கடைத் தெருவை விட்டுவிட்டுச் சுற்றிப் போனார். கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில், வீட்டுக்காரம்மா அவர் பூசிய சுவரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் அப்படி ஆகிடாதே?" என்று கேட்டாள். முப்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனார்.

பத்தாம் நாள் அச்சகக்காரர் வரச்சொன்னார். போனால், கொட்டகைக்குள் ஒரு பெயிண்டர் நின்றுகொண்டிருந்தான். வயதில் சின்னவன். கையில் சுரண்டும் தகடு. அச்சகக்காரரும் மனைவியும் வாசலில். கொழுந்தியாள் அவர் பின்னால். அக்கா அடுப்படி வாசலில், தோட்டத்துக்கு அந்தப் பக்கம்.

"ஒண்ணுமில்ல மேஸ்திரி," என்றார் அச்சகக்காரர். "இவரும் ஒரு தடவை பாக்கட்டுமேன்னு."

பெயிண்டர் ஈரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். "தடை போட்டிருக்கேன்னு சொன்னீங்களாமே. ஓதம் தடையத் தாண்டி வந்து எனக்குச் சலாம் போடுது பாருங்க." அச்சகக்காரரின் மனைவி களுக்கென்று சிரித்தாள். அவன் உற்சாகமாகி, "சுண்ணாம்பு, மணல், இதெல்லாம் கோழிக்கூண்டுக்குப் பூசறது. மொத்தமும் கொத்தி எடுத்துட்டு நம்ம பெயிண்ட் மூணு கோட்டு அடிச்சா..." என்று சொல்லிக்கொண்டே தகட்டின் முனையைப் பூச்சுக்குள் குத்தி ஒரு இழுப்பு இழுத்தான். கையகலம் பூச்சு பெயர்ந்து தரையில் விழுந்து உடைந்தது.

கொழுந்தியாள் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா," என்றாள் மெதுவாக. "வாங்க போலாம்."

அவர் சட்டையை உதறினார். பையைத் திறந்து துளைக்கும் இயந்திரத்தை எடுத்தார். பூச்சு பெயர்ந்த இடத்தில் வைத்து அழுத்தினார். தூளை உள்ளங்கையில் ஏந்தி அச்சகக்காரரின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஊதினார். அவர் மீசையெல்லாம் செங்கல் பொடி.

"இது ஓதமா? ஓதம் ஏறின செங்கல்லுக்குத் தூள் பறக்குமா? உப்பு எங்க? விளிம்பு எங்க? இந்தச் சுவர் தண்ணி குடிக்கல. இதுக்கு ஊட்டி விடுறாங்க. தினமும் மத்தியானம் நீங்க தூங்கற நேரத்துல, கிண்ணத்துல தண்ணி வெச்சு, சாக்கால ஒத்தி. உங்க அக்காவைக் கேளுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அக்கா அங்கேயே நின்றிருந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அச்சகக்காரர் மீசையைத் துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். பெயிண்டரும் சிரித்தான். அச்சகக்காரரின் மனைவி அக்காவைப் பார்த்துத் தேன் வழியும் குரலில் சொன்னாள்:

"எவ்வளவு பொறுமை அண்ணி உங்களுக்கு! எங்க யாருக்கும் வராது."

"அப்ப சுவர் காஞ்சிடுச்சு?" என்றார் அச்சகக்காரர்.

"காஞ்சு ரெண்டு வாரமாச்சு," என்றார் ரசமட்டம்.

"அப்ப எதுக்குக் கல்யாணம் வரைக்கும் காத்துக்கிட்டு? இன்னைக்கே மாத்திடலாம்."

மாலைக்குள் மாற்றிவிட்டார்கள். பெயிண்டரும் ஒரு கை கொடுத்தான். கட்டில், பெட்டி, ஒரு மேஜை. மேஜை உள்ளே நுழையவில்லை, வெளியிலேயே நின்றுவிட்டது. இரும்பு அலமாரியைச் சுமக்க ரசமட்டத்தைக் கூப்பிட்டார்கள். சுமந்தார். உள்ளே இறக்கி வைத்துவிட்டு, அது ஆடாமல் நிற்கிறதா என்று நான்கு மூலையிலும் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. தளம் அவ்வளவு மட்டம். பெயர்ந்த கையகலப் பூச்சை அப்போதே சரி செய்தார். அக்கா அதுவரை தோட்டத்துக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் வெளியே வந்தபோது ஏதாவது சொல்லுவாள் என்று ஒரு கணம் நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. முன்னறை ஜன்னலில் புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார்கள், அதையும் பார்க்கவில்லை.

கொழுந்தியாள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கே போனார்.

"நான் பொய்யா சொன்னேன்?"

"இல்ல மாமா. நெஜத்தைத்தான் சொன்னீங்க. உங்க தம்பி மதிலு மாதிரி." அவள் கதவைச் சாத்தவில்லை, திறந்தபடியே விட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவர் திரும்பி நடந்தார். வேறு கையாள் தேடிக்கொண்டார். புதியவன் கலவையில் எப்போதும் தண்ணீரைக் கூட்டிவிடுவான்.

சிமெண்ட் கடையில் சிரிப்பு நின்றது. செங்கல் தூளை ஊதிக் காட்டிய கதையை அவரவர் இஷ்டத்துக்கு ஏற்றிச் சொன்னார்கள். தோட்டத்துக் கோடியில் பழைய கொட்டகை வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து தங்கள் கொட்டகையையும் காய வைக்க முடியுமா என்று கேட்டார்கள். ஒருவர் வீட்டில் மாமனார் இருந்தார். இன்னொருவர் வீட்டில் ஒரு சித்தி. முடியும் என்றார் ரசமட்டம். முடித்தும் கொடுத்தார்.

மழைக்காலம் வந்து, பெய்து, குளிர் தொடங்கியபோது அச்சகக்காரர் மறுபடி ஆள் அனுப்பினார். சுவரில் ஈரமாம்.

இந்தத் தடவை ரசமட்டம் பதறவில்லை. கிண்ணத்தைத் தேடிக்கொண்டுதான் உள்ளே போனார். கிண்ணம் இல்லை. அக்கா கட்டிலில் இரண்டு சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூச்சு விடும்போது தொண்டைக்குள் ஏதோ சின்னதாக விசில் அடித்தது. சுவர் முழுக்க, கூரைத் தகரத்தில்கூட, பொடிப் பொடியாகத் தண்ணீர் வியர்த்திருந்தது.

அவர் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, சுற்றிலும் காற்றுப் புகாமல் மக்குப் பசை பூசிச் சுவரோடு ஒட்டவைத்துவிட்டுப் போனார். ஈரம் சுவருக்குள்ளிருந்து வந்தால் கண்ணாடியின் உட்பக்கம் நனையும், அறையிலிருந்து வந்தால் வெளிப்பக்கம். மறுநாள் காலை அச்சகக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். உட்பக்கம் பளிச்சென்று காய்ந்திருந்தது.

"பாருங்க. சுவர்லேந்து வரல."

"அப்ப எங்கேந்து?"

ரசமட்டம் சுற்றிப் பார்த்தார். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, காற்று போய்வருவதற்காக அவர் விட்டிருந்த துளை. அதில் பழந்துணி அடைத்திருந்தது. எதிர்ச் சுவர்த் துளையிலும் துணி.

"யாரு இதை அடைச்சது?"

"நான்தான்," என்றாள் அக்கா. "குளிருது மேஸ்திரி. காத்து நேரா நெஞ்சுல அடிக்குது. கட்டிலைத் தள்ளிப் போடலாம்னா அலமாரி இருக்கு."

"காத்து போகலன்னா ஈரம் எங்கம்மா போகும்?"

"எந்த ஈரம்?"

"உங்க மூச்சும்மா," என்றார் ரசமட்டம். வைத்தியர் நோயைச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். "விடுற மூச்சுல தண்ணி இருக்கு. சின்ன ரூம், கதவு சாத்தியிருக்கு. ராத்திரி பூரா விட்டா அது போய்ச் சில்லுன்னு இருக்கற சுவர்லதான் உக்காரும். சுவர் மேல தப்பில்ல."

அச்சகக்காரர் தலையைச் சொறிந்தார். "அதை நிறுத்த முடியாது இல்ல?" என்றார். பிறகு தான் சொன்னது தனக்கே வேடிக்கையாகப் பட்டு லேசாகச் சிரித்தார். "அப்ப உங்க வேலையில குறையில்லன்னு சொல்றீங்க."

"இல்ல."

அவர் துணியைப் பிடுங்கி எறிந்தார். காற்று உள்ளே வந்தது. அக்கா சால்வையை இழுத்துக்கொண்டாள். அவர் பையிலிருந்து கம்பி வலையை எடுத்து, துளையின் அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் வைத்து, சாந்து போட்டு இறுக்கினார். விரல் நுழையாத வலை. இனி யாரும் எதையும் அடைக்க முடியாது. வேலை நடக்கும்போது சாந்து சிதறாமலிருக்க அவள் தலையணையைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, யாரும் கூப்பிடாமல், அவராகவே பார்க்கப் போனார். சுவர் நான்கும் காய்ந்திருந்தன. கை வைத்துப் பார்த்தார். மூலைகளில் வைத்துப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். மனம் நிறைந்தது. அக்கா கால்மாட்டுப் பக்கம் தலையை மாற்றிப் படுத்திருந்தாள். சால்வை மூக்குவரை ஏறியிருந்தது. அந்த விசில் சத்தம் இப்போது வாசல்வரை கேட்டது.

"எப்படிம்மா இருக்கு?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கை இன்னும் சுவர்மேல்தான் இருந்தது.

"நல்லாக் காஞ்சிருக்கு மேஸ்திரி," என்றாள்.